பெரியவர்கள் கேட்கும் பொம்மை: எங்கள் கடையில் அடிக்கடி வரும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பழைய கடைத்தெருவில் பள்ளி நோட்டு, பேனா, பூஜைச் சாமான் இவற்றோடு பொம்மையும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். என் அம்மா காலத்தில் ரப்பர், அதற்கும் வெகுகாலம் முந்திக் கரும்பு. கடை போடுவதற்கு முன் 11 வருடம் பிறையில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். விடியற்காலை ஐந்தே காலுக்கெல்லாம் தோட்டத்து முனையில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். லயத்துப் பெண்கள் பாதிப் பேர் அதில் ஏறிப் போவோம்.

இப்போது கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். கையில் சில்லறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். பட்டர்வொர்த், பாரிட் புந்தார் பக்கமிருந்து மோட்டாரில் வரும் பெரியவர்கள். இரண்டு பேரும் கை நீட்டுவது ஒரே கொக்கியில் தொங்கும் ஒரே குட்டிக் காருக்குத்தான். பெரியவர்கள் கேட்பதைப் பொம்மைக் கம்பெனிகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டுமா என்ற பேச்சு எங்கள் கல்லாப்பெட்டிப் பக்கம் வாரம் தவறாமல் நடக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வளர்ந்த ஆளுக்குப் பொம்மை எதற்கு, அக்கா?

கூட வந்த மனைவிமார்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். பதிலுக்கு ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்வேன்.

எழுபதைத் தாண்டியவர். பேரனுக்கு நோட்டு வாங்க வந்தார். கொக்கியில் பச்சை நிறத்தில் ஒரு லேண்ட் ரோவர் தொங்குவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தோட்டத்தில் துரைக்கு லேண்ட் ரோவர் ஓட்டியவராம். எடுத்துக் கொடுத்தேன். அட்டையோடு கண்ணுக்கு நேரே பிடித்து, பக்கவாட்டில் பார்த்தார், பின்னால் பார்த்தார். அப்புறம் தலையைச் சாய்த்து அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வெச்சிருக்கானே. நம்ம வண்டிக்கு வலப்பக்கம் இல்ல?" என்றார். இருந்தாலும் வாங்கிக்கொண்டார். கடை வாசலிலேயே அட்டையைப் பிரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சேகரிப்பாளர் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னது அசல் சேகரிப்பாளரின் கோரிக்கை. ஓட்டிய வண்டி, அப்பா ஓட்டிய வண்டி, சின்ன வயதில் கேட்டுக் கிடைக்காத வண்டி என்று ஒவ்வொருவரும் ஒன்றைத் தேடி வருகிறார்கள்.

அவர்கள் கம்பெனியிடம் அப்படி என்னதான் கேட்கிறார்கள்?

நான் கேட்டவரைக்கும் சொல்கிறேன். அசல் வண்டியின் அளவுக்கும் வளைவுக்கும் ஒத்து வர வேண்டும். பின்விளக்குக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் சக்கரம் வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் நிறுத்திவிட்ட அந்த மாடலைத் திரும்பப் போட வேண்டும். நம் ஊர்ச் சாலையில் ஓடும் வண்டியைப் போட வேண்டும். அட்டை மடங்காமல் கடைக்கு வந்து சேர வேண்டும். இதையெல்லாம் சத்தமாகவே கேட்பார்கள். கடைசியாக ஒன்றைக் கொஞ்சம் குரல் தாழ்த்திக் கேட்பார்கள்: "குறைவாகப் போடச் சொல்லுங்கக்கா. எல்லார் கையிலேயும் இருந்தா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

சரி, கம்பெனி கேட்க வேண்டுமா, வேண்டாமா?

கேட்க வேண்டும். "சரியாகச் செய்", "திரும்பச் செய்", "இன்னும் நிறையச் செய்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும். "குறைவாகச் செய்" என்பவரின் பேச்சைக் கேட்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. காரணங்களைக் கீழே பாருங்கள்.

பெரியவர்கள் பேச்சைக் கேட்டு உருப்பட்ட கம்பெனி எது?

பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் பொம்மை செய்யும் லெகோவைச் சொல்வேன். 1998-ல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்று ரோபோ கட்டும் பெட்டி ஒன்றை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கென்று போட்டதைப் பெரியவர்கள் வாங்கி, உள்ளே இருந்த மென்பொருளைக் குடைந்து, இஷ்டத்துக்கு மாற்றி எழுத ஆரம்பித்தார்கள். கம்பெனி வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று உரிமத்திலேயே இடம் கொடுத்தது. 2006-ல் அடுத்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வந்தபோது, வடிவமைக்கும் நேரத்திலேயே அந்த மாதிரி ரசிகர்கள் சிலரைக் கூப்பிட்டு யோசனை கேட்டிருந்தார்கள்.

அதே லெகோ ஒருமுறை சறுக்கியதும் உண்டு. 2004 வாக்கில் சாம்பல் நிறக் கட்டைகளின் சாயலை மாற்றினார்கள். புதிய சாம்பலில் ஒரு நீலம் தெரியும். வருடக்கணக்கில் சேர்த்த பழைய கட்டையோடு புதியதைச் சேர்த்தால் கோட்டைச் சுவர் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி ஆகிவிட்டது. பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். பழைய சாம்பல் திரும்பி வரவும் இல்லை. அந்த நிறத்தை மாற்றியே ஆக வேண்டுமா என்பது வேறு விஷயம். ஆனால் வீட்டில் மூட்டை மூட்டையாகப் பழைய கட்டை வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பொம்மையை முப்பது வருடம் வைத்திருப்பவருக்குத்தான் அது முப்பது வருடத்தில் என்ன ஆகும் என்று தெரியும். ஆறு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்க முடியாது.

இன்னொரு நல்ல ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது. 2008-ல் ஜப்பானில் சின்ன அளவில் தொடங்கி, 2014 முதல் லெகோ ஐடியாஸ் என்ற பெயரில் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தாங்கள் கட்டிய மாதிரியை அனுப்பலாம். 10,000 பேர் ஆதரவு கொடுத்தால் கம்பெனி எடுத்துப் பார்க்கும். தேர்வாகிக் கடைக்கு வந்தால், யோசனை கொடுத்தவருக்கு நிகர விற்பனையில் 1 விழுக்காடு. விண்வெளி ஆய்வுக்கு உழைத்த நாசா பெண்களின் உருவங்கள் இப்படித்தான் 2017-ல் வெளிவந்தன. கேட்டது பெரியவர். கிடைத்தது பிள்ளைகளுக்கும் சேர்த்து. எனக்குப் பிடித்த கோரிக்கை இந்த மாதிரிதான்.

குட்டிக் கார்களைப் போடும் ஹாட் வீல்ஸும் 2018 முதல் லெஜெண்ட்ஸ் டூர் என்ற போட்டி நடத்துகிறது. ஆட்கள் தங்கள் கையால் உருவாக்கிய நிஜக் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வெல்லும் கார் பொம்மையாகிறது. முதல் வருடம் வென்றது டூஜெட்ஸ் என்ற வண்டி.

கேட்டுச் செய்தும் நடக்காமல் போனது உண்டா?

உண்டு. ஹாஸ்புரோ கம்பெனி ஹாஸ்லேப் என்ற பெயரில் ஒரு முறை கொண்டுவந்தது. "இவ்வளவு பேர் முன்பதிவு செய்தால் செய்வோம், இல்லையென்றால் இல்லை." 2018-ல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஜப்பாவின் பாய்மரக் கப்பல். ஒன்று ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர். 5,000 பேர் தேவை என்றார்கள், 8,810 பேர் சேர்ந்தார்கள். 2021-ல் அதே படத்தில் வரும் ரான்கோர் என்ற ராட்சத மிருகத்துக்கு 9,000 பேர் கேட்டார்கள். ஆள் சேரவில்லை, கைவிட்டார்கள்.

எங்கள் கடையிலும் இதே கதைதான். "இந்த மாடல் மட்டும் வந்தா நான் பத்து வாங்குவேங்க்கா" என்று சொன்னவர்கள், வந்ததும் ஒன்றை எடுத்து அட்டையின் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதனால் ஹாஸ்லேப் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பெரியவர்கள் தங்கள் ஆசைக்குத் தாங்களே பணம் கட்டுகிறார்கள். பிள்ளைகளின் கொக்கியில் யாரும் கை வைப்பதில்லை.

"குறைவாகப் போடு" என்று கேட்பதில் அப்படி என்ன தப்பு?

ஹாட் வீல்ஸ் 1995-ல் டிரெஷர் ஹன்ட், அதாவது புதையல் வேட்டை என்ற வரிசையைத் தொடங்கியது. 12 மாடல், ஒவ்வொன்றிலும் 10,000 கார் மட்டும். உலகம் முழுவதற்கும் பத்தாயிரம் என்றால் எம்மாத்திரம்? 2007 முதல் அதிலேயே இன்னும் அரிதான சூப்பர் வகையும் உண்டு. பளபளக்கும் பூச்சு, ரப்பர் சக்கரம். இவை தனிக் கடையில் தனி விலைக்கு வருவதில்லை. 72 கார் அடங்கிய சாதாரணப் பெட்டிக்குள் சாதாரணக் காரோடு காராகக் கிடக்கும். விலையும் அதே விலை.

யோசனை என்னவோ அழகானதுதான். ஒரு பையன் தற்செயலாக எடுத்த காரில் புதையல் இருக்கும். ஆனால் நடப்பது வேறு. பெட்டி வந்த சேதி கிடைத்ததும் விடியற்காலையே ஆட்கள் நிற்கிறார்கள். அட்டை அட்டையாகத் தள்ளிப் பார்த்து, புதையலை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அன்று மாலையே அது இன்னொரு கையில் இருபது மடங்கு விலைக்கு நிற்கும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனாவது ஒரு சூப்பரைத் தானே கண்டெடுத்ததை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அரிது என்பதைக் கம்பெனி வேண்டுமென்றே உண்டாக்கினால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கு 1990களின் பீனி பேபிஸ் துணிப்பொம்மைகளைப் பாருங்கள். இந்த மாடலை நிறுத்தப்போகிறோம் என்று அறிவிக்க அறிவிக்க ஜனங்கள் ஓய்வூதியச் சேமிப்பு மாதிரி வாங்கிக் குவித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலை சரிந்தது. பெட்டி பெட்டியாகப் பொம்மை இருந்தது, வாங்க ஆளில்லை. அதில் ஒன்றோடும் எந்தப் பிள்ளையும் படுத்துத் தூங்கியிருக்காது என்று நினைக்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று ஹாட் வீல்ஸிலேயே இருக்கிறது. 1969-ல் ஒரு வோக்ஸ்வேகன் வேன் செய்து பார்த்தார்கள். அலைச்சறுக்குப் பலகைகள் பின் கண்ணாடி வழியாக நீட்டிக்கொண்டிருக்கும். வேன் ஒடுக்கமாக இருந்ததால் பிள்ளைகளின் ஓடுபாதையில், காரைத் தள்ளிவிடும் கருவிக்குள் ஒழுங்காக ஓடவில்லை. உடனே அதை ஒதுக்கிவிட்டு, பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, அகலமாக்கி விற்றார்கள். ஒதுக்கிய மாதிரிகளில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. இன்று உலகத்திலேயே விலை உயர்ந்த ஹாட் வீல்ஸ் அவைதான். இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பதற்கு லட்சம் டாலருக்கு மேல் மதிப்பு. அரிதாக இருக்கட்டும் என்று அன்றைக்கு யாரும் திட்டம் போடவில்லை. பிள்ளை கையில் ஓட வேண்டும் என்று மட்டும் பார்த்தார்கள்.

பின்விளக்குக்கு ஒரு சொட்டுச் சிவப்பு அடிக்க என்ன கேடு?

இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வேன், ஏனென்றால் என் கை பட்ட வேலை.

துத்தநாகக் கலவையை 400 டிகிரி அளவில் உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்துவார்கள். வெளியே வருவது சாம்பல் நிறக் கூடு, ஓரமெல்லாம் பிசிறு. பிசிறு போக உருட்டி எடுத்து, பூச்சு அடித்துக் காய வைத்து, அப்புறம்தான் எழுத்தும் கோடும் விளக்கும். அதற்கு டாம்போ என்று பெயர். பாதி முட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி மெத்தென்ற சிலிக்கான் தலை ஒன்று இருக்கும். அது மைத்தகட்டில் போய் ஒத்தி, திரும்பி வந்து காரின் மேல் ஒத்தும். ஒரு நிறத்துக்கு ஒரு ஒத்து. பக்கவாட்டுக்கு வேறு, முகப்புக்கு வேறு, பின்பக்கத்துக்கு வேறு. காரைத் திருப்பிப் பிடித்தால்தான் பின்பக்கம் ஒத்த முடியும். மயிரிழை நகர்ந்தாலும் விளக்கு கதவில் போய் உட்காரும், அந்தத் தட்டையே ஒதுக்க வேண்டியதுதான்.

ஆகவே பின்விளக்கு என்பது ஒரு சொட்டு மை அல்ல, ஒரு முழுச் சுற்று வேலை. ஒரு காருக்கு ஒரு காசு கூடினாலும், கோடிக்கணக்கில் செய்யும்போது பெரிய பணம். மலிவு விலைக் காரில் முகப்பும் பக்கவாட்டும் பளிச்சென்று இருக்க, பின்பக்கம் வெறுமையாக இருப்பது இதனால்தான்.

லேண்ட் ரோவர் தாத்தா கேட்ட வலப்பக்க ஸ்டீயரிங் இன்னும் கஷ்டம். உள்ளே இருக்கும் இருக்கையும் ஸ்டீயரிங்கும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. பக்கம் மாற்ற வேண்டுமென்றால் அதற்குப் புது எஃகு அச்சு வெட்ட வேண்டும். ஓர் அச்சுக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். ஆனாலும் இந்த இரண்டு கோரிக்கையும் நியாயமானவை என்றுதான் சொல்வேன். புது மாடலுக்கு அச்சு வெட்டும் முன்பே கேட்டால் ஸ்டீயரிங் பக்கமாவது கூடுதல் செலவு இல்லாமல் முடியும். நேரம் பார்த்துக் காது கொடுத்தால் போதும்.

இதெல்லாம் நம் பக்கம்தான் செய்கிறார்களா?

ஆமாம். 1980களிலிருந்தே ஹாட் வீல்ஸ் அடிப்பாகத்தில் மலேசியா என்று பொறித்திருக்கும். பிறையில் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. இப்போது தாய்லாந்து என்றும் வரும். வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் காரைத் திருப்பி அந்த எழுத்தைப் படித்தபோது, எங்கள் பஸ்ஸில் வந்த பெண்களின் முகம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது.

பெரியவர்களுக்குச் செய்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து வருமா?

கவனக்குறைவாகச் செய்தால் வரும். பெரியவர்கள் கேட்பது கூர்மையான ஆன்டெனா, கழற்றி மாட்டும் குட்டித் துண்டு, பாய்ந்து போகும் ஏவுகணை. 1978-ன் கடைசியில் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனியின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை ஒரு சிறுவனின் தொண்டையில் சிக்கியது. அவன் பிழைக்கவில்லை. அதன் பிறகு கென்னர் கம்பெனி, முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரம் செய்திருந்த ஸ்டார் வார்ஸ் போபா ஃபெட் பொம்மையில் ராக்கெட்டை அசையாமல் பொருத்தித்தான் அனுப்பியது. பாயும் ராக்கெட் வைத்த சோதனை மாதிரிகளுக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் பெரும் பணம் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். கென்னர் செய்ததுதான் சரி.

வாங்கும்போது வயது எண்ணைப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மையில், தொண்டையில் அடங்கும் அளவுக்குச் சின்னத் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. அதைப் பார்ப்பதற்கென்றே குழந்தையின் தொண்டை அளவில் ஓர் உருளை இருக்கிறது, குறுக்கே 31.7 மில்லிமீட்டர். நம் நாட்டில் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிப்படி பொம்மைக்கு எம்.சி. முத்திரை, அதாவது பாதுகாப்புத் தரத்துக்கு ஒத்துவருகிறது என்ற அடையாளம் வேண்டும். சேகரிப்பாளருக்கென்று 14 வயது, 18 வயது என்று போட்டு வருவதைக் காட்சிப்பொருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி தவழும் வீட்டில் அதை உயரமான தட்டில் வையுங்கள்.

பெரியவர்கள் வாங்குவதால்தானே விலை ஏறுகிறது?

ஒரு பங்கு உண்மை. அமெரிக்கச் சந்தையை அளக்கும் சர்க்கானா நிறுவனம், 2024 முதல் காலாண்டில் தங்களுக்கே பொம்மை வாங்கிய பெரியவர்கள், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பங்கை முந்திவிட்டார்கள் என்று சொன்னது. பணம் எங்கே இருக்கிறதோ கம்பெனியின் கண்ணும் அங்கேதான் போகும். 2020 முதல் லெகோ 18 வயதுக்கு மேல் என்று தனியாகவே பெட்டி போடுகிறது. சில பெட்டியின் விலையில் எங்கள் தோட்டத்துக் குடும்பம் ஒன்று மாதச் சாமான் வாங்கிவிடும்.

தனி வரிசையாக இருக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ரப்பர் சக்கரமும் இரும்பு அடிப்பாகமும் வைத்துப் பெரியவர்களுக்கு ஒரு விலை, பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) பிள்ளைகளுக்கு ஒரு விலை. பெரியவர்களின் கொக்கிக்காகப் பிள்ளைகளின் கொக்கி சுருங்கினால்தான் எனக்குப் பொறுக்காது.

உங்கள் கடையில் ஏன் ஒருவருக்கு இரண்டு கார்தான் தருகிறீர்கள்?

இது என் தப்பிலிருந்து வந்த ஏற்பாடு.

கடை போட்ட முதல் வருடம், வியாபாரம் மந்தம். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒருவர் வந்து, பிரிக்காத பெட்டியோடு 72 காரையும் எடுத்துக்கொள்கிறேன், மேலே நூறு வெள்ளி தருகிறேன் என்றார். அந்த மாத வாடகை கண் முன் வந்தது. கொடுத்துவிட்டேன்.

மாலையில் தோட்டத்துப் பையன் ஒருவன் மைலோ டின்னோடு வந்தான். எட்டு வயது இருக்கும். வெள்ளிக்கிழமை புதுக் கார் வரும் என்று முந்திய வாரம் அவனிடம் நான்தான் சொல்லியிருந்தேன். டின்னைக் கல்லாமேல் கவிழ்த்தான். எல்லாம் பத்துக் காசு, இருபது காசு. கூட்டிப் பார்த்தால் ஒன்பது வெள்ளி எண்பது காசு. பிறகு கொக்கியைத் திரும்பிப் பார்த்தான். கிட்டே போய், காலிக் கொக்கியின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. காசை ஒவ்வொன்றாக டின்னில் திரும்பப் போட்டான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒருவருக்கு இரண்டுதான். கீழே இருக்கும் இரண்டு வரிசைக் கொக்கி பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் மேல் வரிசையில் எடுக்கலாம். பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டதும் தலையாட்டுகிறார்கள். பாரிட் புந்தார் தம்பி ஒருவர், தனக்கு இருப்பது போதும் என்று தன் பங்குக்கு ஒன்றை எடுத்துக் கீழ் வரிசையில் மாட்டிவிட்டுப் போனார்.

லபுபு வருமா?

வராது. பல் காட்டிச் சிரிக்கும் அந்தக் குட்டிப் பூதப் பொம்மைக்கு ஊர் முழுக்கப் போலிதான் சுற்றுகிறது, அசலை விற்கும் கடை எங்களுடையது இல்லை. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் பெட்டியை வாங்கும் முறையும் பிள்ளைகளுக்கு நல்லதில்லை. 2025 மே மாதம் இங்கிலாந்தில் வரிசையில் சண்டை வந்து அதை விற்கும் பாப் மார்ட் கம்பெனியின் கடைகளிலேயே விற்பனையை நிறுத்தி வைத்தார்கள்.

அக்கா, என் வீட்டுக்காரர் சம்பளம் போட்ட வாரமெல்லாம் கார் வாங்குகிறார். பின்னால் விலை ஏறும் என்கிறார். உண்மையா?

விலை ஏறும் என்று நம்பி வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள், அம்மா. ஆயிரத்தில் ஒன்று ஏறும், மிச்சமெல்லாம் வாங்கிய விலைக்கே போகாது. பார்த்து மகிழ, மகனோடு உருட்ட வாங்குகிறார் என்றால் மாதத்துக்கு ஒரு தொகை பேசி வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வராது. இருக்கிறதையாவது ஒழுங்காக வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அட்டை வளைந்து, பசை விட்டுப்போகும். தகரக் கூரைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் அடுக்கவே கூடாது. வெயில் நேரே பட்டால் நிறம் வெளுக்கும்.

நம் ரோட்டு வண்டிகளைப் போடச் சொல்லிக் கேட்கலாமா? எப்படி எழுதுவது?

தாராளமாகக் கேட்கலாம். 1985-ல் வந்த முதல் புரோட்டோன் சாகாவோ, தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் டிராக்டரோ, ஆள் ஏற்றிப் போகும் லோரியோ, எது உங்கள் நெஞ்சில் இருக்கிறதோ அதை எழுதுங்கள். அசல் வண்டியைப் பொம்மையாக்க வண்டிக் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள். ஆகவே பொம்மைக் கம்பெனிக்கு மட்டும் எழுதாமல், அந்த வண்டியைச் செய்தவர்களுக்கும் எழுதுங்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். எந்த வருடத்து மாடல், என்ன நிறம், அந்த வண்டியில் யார் யார் ஏறினார்கள் என்று எழுதுங்கள். ஒரு நல்ல படம் வையுங்கள், முன்னும் பின்னும் பக்கவாட்டும் தெரிகிற மாதிரி. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எவ்வளவு விலையில் வாங்குவீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: "பிள்ளைகளும் வாங்கக்கூடிய விலையில், போதுமான அளவு போடுங்கள்."

பிள்ளைகள் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

பிள்ளைகள் கடிதம் எழுத மாட்டார்கள். அவர்கள் கோரிக்கையைக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிஷர் பிரைஸ் கம்பெனி 1961-லேயே விளையாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றை வைத்து, பிள்ளைகளை விளையாட விட்டு, கவனித்துப் பார்த்துத்தான் பொம்மையைத் திருத்தியது. பெரியவர்களின் கோரிக்கைக் கட்டு மேசையில் உயர உயர, அந்த மாதிரிக் கவனிப்பும் கூட வேண்டும்.

எங்கள் கல்லாமேசையின் ஓரத்தில் ஒரு கார் அட்டை பிரித்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் உருட்டிப் பார்க்க. பெரியவர்கள் எடுத்தால் முதலில் திருப்பி அடிப்பாகத்தைப் படிப்பார்கள். பிள்ளைகள் எடுத்தால் கன்னத்தை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, சக்கரத்தின் மட்டத்திலிருந்து பார்ப்பார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அது நிஜ வண்டி. பின்விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று ஒருத்தனும் பார்த்ததில்லை. நேராக ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறான். இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும் காரைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடுவான்.

புதுப் பெட்டி எப்போது பிரிப்பீர்கள்?

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு. முதல் ஒரு மணி நேரம் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும், 5 மணிக்கு மேல் எல்லாரும் வரலாம். தோட்டத்துப் பக்கமிருந்து வரும் பஸ் தாமதமானால் அது வரும்வரை பிரிக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மைலோ டின்னில் சில்லறையாகக் கொண்டு வந்தாலும் எண்ணி வாங்கிக்கொள்வோம்.